பழைய முகவரிகளுக்குப் பதில் வர வேண்டும்

கேரள அரசுப் பள்ளிகளில், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை உள்ள கட்டற்ற மென்பொருள் அன்றாடப் பாடம். 2001-ல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், 2017-ல் அது வளர்ந்து உருவெடுத்த ‘கைட்’ நிறுவனமும் ஒரு முழுத் தலைமுறையை லினக்ஸ் இயங்குதளத்தில் பழக்கியிருக்கின்றன. சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும், தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் படம் திருத்தும் ஜிம்ப், படம் வரையும் இங்க்ஸ்கேப், அலுவலக வேலைக்கான லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றைப் பாடப்புத்தகத்திலேயே சந்திக்கிறார்கள். ஆகவே அப்படியொரு மென்பொருளின் இணையதளம் பழையதாகிவிட்டது, அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தால், எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. புதிய தளம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பெரிய கவலை இல்லை. அது எப்படியும் நன்றாகவே வந்துவிடும். பழைய தளத்தில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்தவை என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

ஒரு தளம் மூப்படைவதற்கு அதை நடத்துகிறவர்களின் அலட்சியம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. 2003-லோ 2005-லோ யாரோ ஒரு தன்னார்வலர் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த தளம் பத்து ஆண்டுகள் சிக்கலில்லாமல் ஓடியிருக்கும். பிறகு அதைத் தாங்கி நின்றவை ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். பிஎச்பி 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றன. பைத்தான் நிரல்மொழியின் 2-ம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது. அதை நம்பி எழுதப்பட்ட விக்கி மென்பொருள்கள் நடுவழியில் நின்றன. தளம் கட்டும் மென்பொருளான ட்ரூபலின் 7-ம் பதிப்புக்கு 2025 ஜனவரியில் முடிவு வந்தது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, தகவலை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் மறையாக்கம் இல்லாத எல்லாத் தளங்களையும் ‘பாதுகாப்பற்றது’ என்று குறிக்கத் தொடங்கியது. 2021-ல் குரோமும் ஃபயர்பாக்ஸும், கோப்புகளை இறக்கும் பழைய முறையான எஃப்டிபியின் முகவரிகளைத் திறப்பதையே கைவிட்டன. தளத்தில் ஒரு வரிகூட மாறாமலேயே அதன் எஃப்டிபி பதிவிறக்க இணைப்புகள் உலாவிகளுக்குச் செத்துப்போயின.

அண்மையில் இன்னொரு பாரமும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க உரை திரட்டும் நிரல்கள் பழைய தளங்களின் ஒவ்வொரு மூலைக்குள்ளும் ஓயாமல் நுழைகின்றன. ஒரு பக்கத்தைக் காட்ட ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் தொட வேண்டியிருக்கும் பழைய சர்வர்களால் இதைத் தாங்க முடிவதில்லை. லினக்ஸ் மேசைத்திரையை உருவாக்கும் க்னோம் போன்ற பெரிய திட்டமே தன் நிரலை வைத்திருக்கும் கிட்லேப் சர்வரைக் காப்பதற்காக, வந்து நிற்கும் உலாவியை ஒரு கணக்குப் போட வைத்து உள்ளே விடும் அனுபிஸ் என்ற கருவியை வாசலில் நிறுத்த வேண்டியதாயிற்று. பத்துப் பேர்கூட இல்லாத ஒரு சிறு திட்டம் என்ன செய்யும்? மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுகிற வேலையைச் சம்பளம் இல்லாமல் தலையில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆபத்து தொடங்குவது அதற்குப் பிறகு. புதிய தளம் தயாராகிவிட்டது, திறப்பு நாளும் குறித்தாயிற்று, பழைய சர்வருக்கு மாத வாடகை போய்க்கொண்டிருக்கிறது. ‘பழையதை யார் பார்க்கிறார்கள்?’ என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இருக்காது. சர்வர் அணைக்கப்படும்.

அந்தப் பழையதில் என்னதான் இருக்கிறது? மென்பொருளின் நிரலைப் பார்த்தால் அது என்ன செய்கிறது என்பது தெரியும். ஏன் அப்படிச் செய்கிறது, வேறு எந்த வழிகளை முயன்று கைவிட்டார்கள், எந்த ஊரில் எந்தக் கணினியில் என்ன கோளாறு வந்ததால் அந்த ஒரு வரி நுழைந்தது என்பதெல்லாம் கோளாறுகளைப் பதியும் வழுப் பதிவுகளிலும் பழைய விவாதங்களிலும்தான் இருக்கும். லினக்ஸின் மைய நிரலான கருவின் மாற்றக் குறிப்புகளைத் திறந்து பாருங்கள். பலவற்றின் கடைசியில், அந்த மாற்றத்தைப் பற்றிய உரையாடல் எங்கே நடந்தது என்று ஒரு முகவரி இருக்கும். பைத்தான் மொழியின் நிரலில் ஓராண்டு ஈராண்டு அல்ல, பல ஆண்டுகளுக்கான மாற்றங்கள் வழு எண்ணைத் தாங்கி நிற்கின்றன. எண் இருக்கிறது, அது சுட்டும் பக்கம் போய்விட்டது என்றால் காரணம் தொலைந்துபோயிற்று என்று பொருள். காரணம் தெரியாதவர் அந்த வரியைத் தேவையில்லை என்று நீக்குவார். பழைய கோளாறு திரும்ப வரும்.

பைத்தான் குழுவினர் 2022 ஏப்ரலில் தங்கள் வழுப் பதிவேட்டை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு மாற்றியபோது இதைப் புரிந்து நடந்துகொண்டார்கள். கிட்ஹப்பில் வழுவுக்கும் நிரல் மாற்றக் கோரிக்கைக்கும் ஒரே எண் வரிசை என்பதால் பழைய எண்களை அப்படியே எடுத்துச் செல்ல வழியில்லை. எனவே பழைய பதிவேட்டை எழுத முடியாத, படிக்க மட்டும் முடிகிற நிலையில் அதே முகவரியில் விட்டுவைத்தார்கள். ஒவ்வொரு பழைய பக்கத்திலிருந்தும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு வழி காட்டினார்கள். அதற்கும் முன்பு, 2014-ல் பைத்தானின் முதன்மைத் தளம் புது வடிவம் பெற்றபோதும் பழைய தளம் ஒரு துணை முகவரியில் தொடர்ந்து கிடைத்தது. பணமும் ஆளும் உள்ள பெரிய திட்டம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். செய்த வேலையின் சாரம் எளியது: புதியதைத் திறப்பதும் பழையதை மூடுவதும் தனித்தனி முடிவுகள் என்று வைத்துக்கொண்டார்கள்.

மறுபக்கத்தில் இழப்புகளும் பெரியவை. யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியது. 1990-களின் இறுதியில் தமிழில் இணையப் பக்கம் தொடங்கிய பலர் இலவச இடத்துக்காக அங்கேதான் போயிருந்தார்கள். தன்னார்வலர்களான ஆர்க்கைவ் டீம் குழுவினர் கடைசி மாதங்களில் ஓடியாடிப் படியெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. கட்டற்ற மென்பொருள்களின் பெரிய இருப்பிடமாக இருந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதற்கு முன்பே கூகுள் அறிவிப்பும் அவகாசமும் கொடுத்து, காப்பகப் படியையும் விட்டுவைத்தது. மூடுவதிலும் முறை உண்டு என்பதற்கு இந்த இரண்டுமே பாடம். பொதுவான நிலவரம் கவலை தருகிறது: 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

சித்தூர் வட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு முகவரி மாற்றத்தின் சங்கடத்தை விளக்கவே தேவையில்லை. 1949-ல் திருவிதாங்கூரோடு இணையும் வரை சித்தூர் கொச்சி சமஸ்தானம். சுற்றியிருந்த பாலக்காட்டுப் பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1 முதல் எல்லாம் கேரளம். தாத்தா காலத்து ஆதாரத்தில், அதாவது நிலப் பத்திரத்தில், ஒரு சர்வே எண் இருக்கும். மறு அளவையான ரீசர்வேக்குப் பிறகு அதே வயலுக்கு வேறு எண். வயல் நகரவில்லை, வரப்பு நகரவில்லை. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் வரிசையாக இணைத்துக் காட்டும் பதிவேடு வில்லேஜ் ஆபீஸில் இருப்பதால்தான் அந்த ஆதாரம் இன்றும் செல்லுபடியாகிறது. பதிவேடு இல்லையென்றால் தாத்தாவின் ஆதாரம் வெறும் காகிதம். இணையதளத்தை மாற்றுகிறவர் தயாரிக்க வேண்டிய முதல் ஆவணமும் இதுவே: பழைய முகவரி ஒரு பக்கம், அது இனிமேல் போக வேண்டிய இடம் எதிர்ப்பக்கம்.

இந்த இணைப்பை இணையம் தன் விதிகளிலேயே வைத்திருக்கிறது. ஒரு பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்றால் சர்வர் 301 என்ற எண்ணோடு புதிய முகவரியைத் தர வேண்டும். தற்காலிகம் என்றால் 302. வேண்டுமென்றே நீக்கப்பட்டது என்றால் 410. எதுவும் கிடைக்கவில்லை என்றால் எல்லோருக்கும் தெரிந்த 404. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே, நல்ல முகவரிகள் மாறக் கூடாது, அவற்றை மாற்றுவது மனிதர்கள்தான் என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் இன்றுவரை அதிகம் நடக்கிற தவறு, பழைய முகவரிகள் அத்தனையையும் புதிய தளத்தின் முகப்புக்குத் திருப்பிவிடுவது. இதைவிட 404 மேல் என்பது என் உறுதியான கருத்து. 404 வந்தால் பக்கம் போய்விட்டது என்று தெரிகிறது. தேடுகிறவர் வேறு காப்பகத்தில் போய்ப் பார்ப்பார். முகப்பு வந்து நின்றால், வந்தவர் தான் தவறாக எங்கோ தட்டிவிட்டதாக நினைத்து அலைவார். கூகுளும் இத்தகைய திருப்பலைப் பெரும்பாலும் இல்லாத பக்கமாகவே கணக்கில் கொள்கிறது.

பதிவேடு தயாரிக்கும்போது எந்த முகவரிகளைச் சேர்ப்பது? தளத்தின் பட்டியலைப் பார்த்து எழுதினால் போதாது. சர்வரின் வருகைப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். முகப்பிலிருந்து என்றோ இணைப்பு நீங்கிவிட்ட ஒரு நிறுவல் குறிப்பைப் பிரேசிலிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ இன்னும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது அங்கேதான் தெரியும். அச்சிட்ட பயிற்சிக் கையேடுகள், பாடநூல்கள், மற்ற மென்பொருள்களின் உதவிப் பக்கங்கள் என எங்கெங்கோ அந்த முகவரி எழுதப்பட்டிருக்கும். அவற்றையெல்லாம் திருத்த நம்மால் முடியாது. பதில் சொல்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முகவரியில் ‘#’ குறிக்குப் பிறகு வரும் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. நீண்ட கையேட்டின் நடுவில் உள்ள ஒரு தலைப்பைச் சுட்டும் இணைப்பு, சர்வரைப் பொறுத்தவரை அந்தக் கையேட்டின் தொடக்கத்தைச் சுட்டும் இணைப்புதான். ஆகவே அந்தக் கையேட்டை இருபது பக்கங்களாக வெட்டினால், எந்தத் துண்டுக்கு அனுப்புவது என்று சர்வருக்குத் தெரியாது. கையேட்டைப் புதிய வடிவுக்குக் கொண்டுபோகிறவர்கள் தலைப்புகளின் பழைய அடையாளப் பெயர்களை அப்படியே காப்பாற்ற வேண்டும். பெரும்பாலான புதிய தளக் கருவிகள் தலைப்பின் சொற்களிலிருந்து அடையாளப் பெயரைத் தாமே உருவாக்கிக்கொள்ளும், பழையதை விசாரிக்காது.

பழைய தளத்தின் உள்ளடக்கத்தைப் புதிய மென்பொருளுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதா, அப்படியே உறைய வைப்பதா என்ற கேள்வி அடுத்தது. பலரும் முன்னதையே விரும்புகிறார்கள். எல்லாம் ஒரே தோற்றத்தில் அழகாக இருக்கும். நான் பின்னதன் பக்கம். கையேடு, பதிவிறக்கம், செய்தி ஆகிய உயிருள்ள பகுதிகள் புதிய தளத்துக்கு வரட்டும். இனி யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்த பகுதிகளை, தரவுத்தளமோ பிஎச்பியோ தேவைப்படாத வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி, அதே முகவரிகளில் நிறுத்திவிட வேண்டும். அவற்றில் உள்நுழைவு கிடையாது, ஊடுருவ இடம் கிடையாது, ஆண்டுக்கு ஆண்டு மேம்படுத்தும் வேலையும் கிடையாது. உரை திரட்டும் நிரல்கள் ஆயிரக்கணக்கில் வந்தாலும் எளிய சர்வர் ஒன்று ஈடு கொடுக்கும். மாறாக, பழைய விவாதம் ஒன்றைப் புதிய மென்பொருளுக்குள் மாற்றி ஏற்றும்போது நாள் நேரம் பிசகும், மேற்கோள் எது பதில் எது என்பது கலங்கும், நிரல் துணுக்குகளில் இடைவெளிகள் கெடும். பைத்தானில் இடைவெளி கெட்டால் பொருளே கெட்டது. மாற்றியவருக்கு அது அன்று தெரியாது. ஐந்து ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவருக்குத் தெரியும், அப்போது மூலம் இருக்காது.

உறைய வைக்கும் வேலையும் பொத்தானைத் தட்டினால் முடிகிற வேலை இல்லை. டபிள்யூகெட் என்ற பழைய நம்பகமான கருவி தளம் முழுவதையும் படியெடுக்கும். 2012 முதல், காப்பகங்களுக்கான பன்னாட்டுத் தரவடிவமான வார்க் கோப்பாகவும் எழுதும். ஆனால் தளத்தில் நாட்காட்டிப் பக்கம் ஒன்று இருந்தால் அது ‘அடுத்த மாதம்’, ‘அடுத்த மாதம்’ என்று முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். விக்கியில் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் பக்கங்கள் கோடிக்கணக்கில் பெருகும். அவற்றைத் தவிர்க்கச் சொல்லி முன்கூட்டியே கட்டளை கொடுக்க வேண்டும். இன்னொன்று, எடுத்துக்காட்டாக வழு எண் 214-க்கான பழைய முகவரியில் கேள்விக்குறி இருக்கும். அதற்குப் பிறகுதான் எண் வரும். டபிள்யூகெட் அந்தக் கேள்விக்குறியையும் சேர்த்துக் கோப்புப் பெயராக வைத்துச் சேமிக்கும். நாளை ஒருவர் அதே முகவரியைக் கேட்டால், சர்வர் கேள்விக்குறிக்கு முன்பகுதியை மட்டும் கோப்புப் பெயராக எடுத்துக்கொண்டு, ‘இல்லை’ என்று சொல்லிவிடும். கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும், கிடைக்காது. சர்வர் அமைப்பில் அந்த எண்ணைப் படித்து உரிய கோப்பை எடுத்துத் தரச் சில வரிகள் எழுத வேண்டும். அந்தச் சில வரிகளை எழுதாததால் இருந்தும் இல்லாமல் போன காப்பகங்கள் உண்டு.

தமிழும் மலையாளமும் புழங்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் குறிப்பாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம், எழுத்துகளை எண்களாகக் கணினியில் சேமிக்கும் முறையான எழுத்துக் குறியேற்றம். 1990-களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் தமிழில் பல குறியேற்றங்கள் ஒரே நேரத்தில் புழங்கின. இணையத்தில் கூடிப் பேசிய தமிழ் ஆர்வலர்கள் உருவாக்கிய திஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழிவந்த டாப், டாம், இவற்றுக்கு வெளியே எழுத்துருவுக்கு ஒன்றாகத் தனித்தனிக் குறியேற்றங்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யுனிகோடு 1991 முதலே தமிழைச் சேர்த்திருந்தாலும் தமிழ்நாட்டு அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-ல். அந்த இடைக்காலத்தில் தமிழில் எழுதப்பட்ட நிறுவல் குறிப்புகள், மொழிபெயர்ப்பு விவாதங்கள், கலைச்சொல் பட்டியல்கள் எல்லாம் அந்தப் பழைய குறியேற்றங்களில் கிடக்கின்றன.

புதிய தளம் எல்லாவற்றையும் யுனிகோடு என்று எண்ணிக்கொண்டு திறக்கும். திஸ்கியில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு நான்கு பைட்டுகள்: த, ம, இகரக் கொக்கி, ழ். அவற்றை மேலை ஐரோப்பியக் குறியேற்றமாகப் படித்தால், த இருந்த இடத்தில் முக்கால் பின்னக் குறி நிற்கும். கொக்கி இருந்த இடத்தில் அமெரிக்கச் சில்லறைக் காசான சென்ட்டின் குறி நிற்கும். மற்ற இரண்டும் மேற்கோடு போட்ட ஆங்கில உயிரெழுத்துகளாகும். பார்க்கிறவர் ‘ஏதோ கெட்டுப்போன குப்பை’ என்று நீக்கிவிடுவார். உண்மையில் ஒரு பைட்டுகூடக் கெடவில்லை. குனு சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும். ஒரே கட்டளையில் யுனிகோடாக மாற்றித் தரும். தானே ஒரு எழுத்து மாற்றப் பட்டியல் எழுதி மாற்ற முனைகிறவர்கள்தான் இடறுகிறார்கள். திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிப்பு வரிசை: ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யுனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் பிரிந்து நிற்பதைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்புகள் எல்லாம் பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் திஸ்கியில் ஏற்றி, பிறகு யுனிகோடு வந்ததும் அந்தப் பதிப்புகளைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போனது. பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒரே பட்டியலில் தந்தது. மென்பொருள் தளங்களுக்கும் அதையே சொல்வேன்: மாற்றிய யுனிகோடு வடிவத்தைப் படிக்கக் கொடுங்கள், மாற்றாத மூலப் பைட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

மலையாளத்தின் சிக்கல் வேறு மாதிரியானது. 2008-ல் வந்த யுனிகோடு 5.1 வரை, உயிர் சேராத மெய்களான சில்லு எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியைக் கொண்டே எழுதினார்கள். அந்தப் பதிப்பில் சில்லு எழுத்துகளுக்குத் தனி இடங்கள் கிடைத்தன. 2002-ல் தொடங்கி மலையாள எழுத்துருக்களுக்கும் கணிமைக்கும் பெரும் பணி ஆற்றிவரும் ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர், ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவங்கள் உருவாகும் என்று அப்போதே எதிர்த்தார்கள். இன்று பழைய பக்கங்களில் ஒரு வடிவம், புதிய பக்கங்களில் இன்னொரு வடிவம். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. தளத்தை மாற்றும்போது ‘தேவையற்ற மறை குறிகளைச் சுத்தம் செய்கிறேன்’ என்று அந்த இணைப்புக் குறியை நீக்கிவிட்டால், சில்லு ‘ன்’ மேலே பிறைக் குறியான சந்திரக்கலை ஏறிய எழுத்தாக மாறி, மலையாளத்தில் ‘அவன்’ என்பது ‘அவனுக்கு’ ஆகிவிடும். பாலக்காட்டில் வேலை செய்கிற எந்தத் தமிழரும் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார். மொழி தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரே வரி நிரல் ஒரு முழுக் காப்பகத்தின் வேற்றுமைகளைக் குழப்பிவிடும். ஆகவே காப்பகத்தைத் தொடும் எந்தச் சுத்திகரிப்பும் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பதிவிறக்கக் கோப்புகளுக்கும் இதே விதி. ஒரு பதிப்பின் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதியை இன்னும் நன்றாகச் சுருக்கி வைக்கலாமே என்று தோன்றும். உள்ளே இருக்கும் கோப்புகள் மாறாவிட்டாலும் பொதியின் பைட்டுகள் மாறினால், அது மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணான செக்சம் மாறிவிடும், வெளியிட்டவரின் மின்கையொப்பம் பொருந்தாது. 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் பொதிகளின் சுருக்கும் முறையில் ஒரு மாற்றம் வந்தபோது, உலகெங்கும் அந்தச் செக்சங்களை நம்பியிருந்த கட்டுமானங்கள் உடைந்தன. அன்றே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

பழைய பதிப்புகளை யார் கேட்கப்போகிறார்கள் என்பவர்களைச் சித்தூர் பக்கத்துப் பள்ளிக் கணினி அறை ஒன்றுக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். அங்கே லினக்ஸ் வகையான உபுண்டுவின் 10.04 பதிப்பு ஓடிய கணினி ஒன்றைப் பார்த்தேன். அந்தப் பதிப்புக்கான மேசைக்கணினி ஆதரவு 2013-லேயே முடிந்துவிட்டது. புதியது ஏற்ற அந்தப் பெட்டியின் நினைவகம் போதாது. ஒரு சிறு மென்பொருளை நிறுவக் கட்டளை கொடுத்தால் திரை முழுக்க 404. ‘டீச்சர், எல்லாம் காணவில்லை என்று வருகிறது’ என்றாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை. டீச்சர் உபுண்டுவின் மூலப் பட்டியல் கோப்பைத் திறந்தார். அதில் இருந்த சர்வரின் பெயரை நீக்கிவிட்டு, பழைய வெளியீடுகளுக்கென்று உபுண்டு வைத்திருக்கும் சர்வரின் பெயரை ஒவ்வொரு வரியிலும் இட்டார். மறுபடி கட்டளை கொடுத்ததும் பொதிகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. பாதைகள், கோப்புறைகள், பெயர்கள் எதுவும் மாறாமல் சர்வரின் பெயர் மட்டும் மாறியிருந்ததால்தான் அது ஒரு நிமிட வேலையாக முடிந்தது. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனும் இப்படியொரு காப்பகச் சர்வரை நடத்துகிறது. 1998-ல் வந்த 2.0 பதிப்பை இன்றும் அங்கிருந்து எடுக்கலாம்.

இதில் புதிய தளம் கட்டுகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. எல்லாப் பக்கங்களையும் மறையாக்கம் வழியாக மட்டுமே தருவது இன்று நல்ல வழக்கம். ஆனால் உபுண்டு 10.04-ல் இருந்த மறையாக்க நிரல் நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு, இன்றைய சர்வர்கள் எதிர்பார்க்கும் மறையாக்க விதிமுறையான டிஎல்எஸ் 1.2 தெரியாது, அது 2012-ல்தான் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வந்தது. பழைய பொதிகள் இருக்கும் கோப்புறையையும் கட்டாய மறையாக்கத்துக்குள் தள்ளினால், அவற்றுக்காகவே வரும் பழைய கணினிகளுக்குக் கதவு அடைபடும். டெபியன் வழிப் பொதிகளின் நம்பகத்தன்மையைக் கையொப்பங்கள் காக்கின்றன. பழைய பொதிகளுக்கு மட்டும் மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபி வழியையும் திறந்து வைக்கலாம்.

காப்பதென்றால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுவது என்றாகிவிடாது. பழைய வழுப் பதிவுகளில் மக்களின் மின்னஞ்சல் முகவரிகள், சில சமயம் தொலைபேசி எண்கள், கவனக்குறைவாக ஒட்டிய கடவுச்சொற்கள் எல்லாம் இருக்கும். மின்னஞ்சலை மறைத்துக் காட்டுவது எனக்கு ஏற்புடையதே. பெயரை நீக்குவது வேறு விஷயம். விக்கிப் பக்கங்கள் பெரும்பாலும் எழுதியவரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமத்தில் இருப்பவை. திருத்த வரலாற்றை விட்டுவிட்டு உரையை மட்டும் புதிய தளத்துக்கு எடுத்துப்போனால் உரிமமே மீறப்படுகிறது. இதைவிட, சம்பளமில்லாமல் உழைத்த ஒருவருக்கு மிஞ்சும் ஒரே கூலி அந்தப் பெயர். தன் பெயரை நீக்கச் சொல்லி அவரே கேட்டால் மட்டும் நீக்க வேண்டும்.

தளப்பெயர் யார் கையில் இருக்கிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். 2021 ஜனவரியில் பெர்ல் நிரல்மொழியின் புகழ்பெற்ற பெர்ல்.காம் என்ற தளப்பெயரையே யாரோ கடத்திவிட்டார்கள், மீட்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. அவர்களிடம் ஆளும் தொடர்பும் இருந்தன. சிறு திட்டங்களில் தளப்பெயர் பெரும்பாலும் எப்போதோ ஆர்வத்தில் பதிவு செய்த ஒரு தனிமனிதரின் கணக்கில் கிடக்கும். அவர் வேலை மாறியிருப்பார். நினைவூட்டல் போகும் மின்னஞ்சலைத் திறக்கவே மாட்டார். பெயர் காலாவதியானால் சூதாட்டத் தளம் நடத்துகிறவர் வாங்கிவிடுவார். பாடப்புத்தகத்தில் அச்சான அதே முகவரியில் பிள்ளைகள் போய் நிற்பார்கள். துணைப் பெயர்களும் அப்படியே. புதிய தளம் வேறு பெயரில் அமைந்தாலும் பழைய பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுச் செலவிலும் அது மிகச் சிறிய தொகை.

வெளியிலும் படிகள் இருக்க வேண்டும். 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் பல தளங்களைத் தானாகவே படியெடுத்து வைத்திருக்கும். விடுபட்ட பக்கங்களை நாமே கொடுத்தும் சேமிக்கலாம். நிரலுக்கு, பிரான்ஸின் இன்ரியா நிறுவனம் 2016-ல் வெளிக்கொணர்ந்த சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் இருக்கிறது. ஆனால் ‘அங்கே இருக்கிறதே’ என்று தன் படியை விட்டுவிடுவது சரியில்லை. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது நடந்த தாக்குதலில் அதன் சேவைகள் முடங்கி, மெல்ல மெல்லத்தான் திரும்பின. அந்த நாட்களில் அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

உறைய வைத்த ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு வரிகள் போதும்: இது பழைய பதிவு, இனி மாறாது, இன்றைய பக்கம் இங்கே இருக்கிறது. தேடலுக்கு, தரவுத்தளம் இல்லாமலே இயங்கும் பேஜ்ஃபைண்ட் போன்ற கருவிகள் வந்துவிட்டன. தோற்றம் பழையதாக இருப்பதைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டாம்.

இத்தனையையும் எப்போது செய்வது என்றால், புதிய தளத்தின் முதல் வரி எழுதப்படும் முன்பே. திறப்பு விழா முடிந்த பிறகு காப்பகத்துக்கு நேரம் ஒதுக்குவதாகச் சொன்ன திட்டங்களில் பழைய சர்வரே முதலில் பழுதாகிறது. முதலில் முழுப் படி. அந்தப் படி வேறொரு கணினியில் உண்மையில் திறக்கிறதா என்ற சோதனை. பிறகு வருகைப் பதிவுகளிலிருந்து, கடந்த ஓராண்டில் யாராவது ஒருமுறையேனும் கேட்ட முகவரிகளின் பட்டியல். திறப்பு நாளுக்கு முந்தைய வாரம் ஒரு சிறு நிரலால் அந்தப் பட்டியலைப் புதிய சர்வரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். 404 வருகிற ஒவ்வொரு முகவரிக்கும் நேரே குழுவில் ஒருவரின் பெயரை எழுதி, அது தீரும் வரை பழைய சர்வரை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும்.